பயிற்சியின் செலவு தொழிலாளிக்கு, பலன் முதலாளிக்கு

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலைநிறுத்த உரிமைக்குப் போடப்பட்ட கட்டுகள், 300 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலைகளில் அரசின் அனுமதியின்றியே ஆட்குறைப்பு செய்யலாம் என்ற ஏற்பாடு, குறித்த கால வேலை முறை ஆகியவை குறித்துத் தொழிற்சங்க இயக்கம் விரிவாகப் பேசியிருக்கிறது, போராடியும் வருகிறது. ஆனால் அதே தொழிலுறவுகள் தொகுப்பில் செய்யப்பட்ட ஒரு சொல் மாற்றம் அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ‘தொழிலாளி’ என்பவர் யார் என்று வரையறுக்கும்போது, ‘தொழிற்பழகுநர் உட்பட’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பிட்டது. புதிய தொகுப்பு அதே இடத்தில், அதே அடைப்புக்குறிக்குள், 1961ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் வரும் ‘தொழிற்பழகுநர் நீங்கலாக’ என்று குறிப்பிடுகிறது.

தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் முறையாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் தொழிலாளர்கள் அல்லர் என்று அந்தச் சட்டமே முன்பும் கூறியதுதான். எனினும் அதற்கு வெளியே ‘பயிற்சியாளர்’, ‘கற்பவர்’ என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்டு உற்பத்தியில் இறக்கப்பட்டவர்களுக்கு அந்த ‘உட்பட’ ஒரு பிடிமானமாக இருந்தது. இன்று அது அகற்றப்பட்டுவிட்டது. தொழிற்பழகுநர் சட்டமோ 2014இல் திருத்தப்பட்டு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் புதிய புதிய வேலைப் பிரிவுகளுக்கும் விரிக்கப்பட்டது. மீறும் முதலாளிகளுக்கு இருந்த சிறைத் தண்டனை அப்போதே நீக்கப்பட்டது. ஆக, புதிதாக வேலைக்கு வருகிற எவரையும் ‘கற்பவர்’ என்ற பெயரில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கும் கதவு அகலத் திறந்திருக்கிறது. அந்தக் கதவின் வழியே என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பணியிடப் பயிற்சியின் தலைநகரமாகத் தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் பெங்களூரு அதை ஏற்கெனவே காட்டிவிட்டது.

மூன்று வாய்ப்புகள்

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனம் தன் புதிய ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் வளாகம் மைசூருவில் இருக்கிறது. முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு, ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் தங்கிப் படிக்கும் விடுதிகள், திரையரங்கு, நீச்சல் குளம் என, எந்தப் பல்கலைக்கழகமும் பொறாமைப்படத்தக்க இடம். அதன் இரண்டாவது கல்வி மையத்தை 2009இல் சோனியா காந்தி திறந்து வைத்தார். இந்திய முதலாளித்துவம் தன் தொழிலாளியை எப்படிப் பேணுகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக வெளிநாட்டுத் தலைவர்களுக்குச் சுற்றிக் காட்டப்படும் வளாகம் அது.

2025 பிப்ரவரி 7 அன்று அந்த வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் வெளியேற்றப்பட்ட செய்தி வந்தது. உள் மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் நடைமுறை இது, பணி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றும் அது விளக்கியது. எண்ணிக்கை எழுநூறு வரை இருக்கும் என்றும், பாதுகாவலர்களை நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், அன்று மாலைக்குள் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள் என்றும் ‘நைட்ஸ்’ என்ற ஐ.டி. ஊழியர் அமைப்பு குற்றம் சாட்டி, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் மேலும் இருநூற்று நாற்பது பேர் அளவில் வெளியேற்றப்பட்டனர்.

வெளியேற்றப்பட்டவர்களில் பலர் 2022இல் பட்டம் முடித்தவர்கள். அந்த ஆண்டிலேயே அவர்களுக்கு நியமனக் கடிதம் தரப்பட்டது. ஆனால் பணியில் சேர அழைப்பு வந்தது 2024 அக்டோபர் அளவில்தான். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் காத்திருந்தனர். கல்விக் கடனுக்கு வட்டி ஏறியது. ‘இன்போசிஸில் வேலை கிடைத்துவிட்டது’ என்று ஊரில் சொல்லிவிட்ட குடும்பங்கள் பதில் சொல்ல முடியாமல் தவித்தன. படித்து முடித்து இரண்டு ஆண்டுகள் கழித்து அழைக்கப்பட்டவர்கள், நான்கைந்து மாதங்களுக்குள், நிறுவனமே வகுத்த பாடத்தில், நிறுவனமே எழுதிய வினாத்தாளில், நிறுவனமே நிர்ணயித்த தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டவில்லை என்று அனுப்பப்பட்டனர். தேர்வு முன்னைவிடக் கடினமாக்கப்பட்டது என்பது அவர்களின் புகார். நிறுவனம் அதை ஏற்கவில்லை.

தேர்வு கடினமாக்கப்பட்டதா இல்லையா என்ற வாதத்தைவிட வேறொரு கணக்கு தெளிவானது. 2021-22ஆம் நிதியாண்டில் இன்போசிஸ் ஏறத்தாழ 85,000 புதிய பட்டதாரிகளைச் சேர்த்தது. 2023-24இல் சேர்த்தது 12,000க்கும் குறைவு. இந்த இரண்டு ஆண்டுகளில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் தரம் ஏழில் ஒரு பங்காகச் சரிந்துவிடவில்லை. சரிந்தது அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் தந்த வேலை. தேவை இருந்தபோது அதே நடைமுறை, அதே மூன்று வாய்ப்புகள் ஆட்களை உள்ளே இழுக்கும் வலையாக இருந்தன. தேவை குறைந்தபோது அவையே சல்லடையாயின. சந்தையின் ஏற்ற இறக்கம் இளைஞர்களின் அறிவுக் குறைபாடாகப் பெயர் மாற்றப்படுகிறது. ஆட்குறைப்பு என்று சொன்னால் சட்டம் கேள்வி கேட்கும். பங்குச் சந்தை முகம் சுளிக்கும். ‘தேறவில்லை’ என்று சொல்லிவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

கர்நாடக அரசு கேட்டதா? ஒன்றிய அமைச்சகம் கடிதம் எழுதியபின் மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் மைசூருவுக்கும் பெங்களூருவுக்கும் சென்று விசாரித்தனர். இவர்கள் பயிற்சியாளர்களே, வழக்கமான ஊழியர்கள் அல்லர், எனவே இதை ஆட்குறைப்பு என்று சொல்ல முடியாது என்ற நிலையை அவர்கள் எடுத்ததாகச் செய்திகள் வெளியாயின. ‘உட்பட’ என்ற சொல் சட்டத்தில் இருந்தபோதே நிலைமை இது. ‘நீங்கலாக’ என்று ஆனபின் எந்த அதிகாரி துணிந்து வேறு விதமாக எழுதுவார்?

பெங்களூருவின் சர்ஜாபுரா சாலையில் தலைமையகம் கொண்ட விப்ரோவின் அனுபவமும் இதே வகை. 2023 ஜனவரியில் அது 452 புதியவர்களை, பயிற்சிக்குப் பிறகும் மதிப்பீடுகளில் மீண்டும் மீண்டும் பின்தங்கினர் என்று கூறி அனுப்பியது. அவர்களுக்குத் தரப்பட்ட கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பயிற்சிச் செலவாக அவர்கள் செலுத்த வேண்டிய 75,000 ரூபாயை நிறுவனம் தள்ளுபடி செய்கிறதாம்! தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் முதலில் அது கடனாக இருந்திருக்க வேண்டும். வேலை செய்ய வந்தவர் முதல் நாளிலேயே கடனாளியாக எழுதப்பட்டிருக்கிறார். அடுத்த மாதமே, பயிற்சியை முடித்துவிட்டு ஆண்டுக்கு ஆறரை இலட்சம் ரூபாய் ஊதியத்தில் பணியமர்த்தத்திற்குக் காத்திருந்த மற்றொரு பிரிவினரிடம், மூன்றரை இலட்சத்துக்கு வரச் சம்மதமா என்று அதே நிறுவனம் கேட்டது. பயிற்சி முடிந்தால் ஊதியம் உயரும் என்பது பாடநூல் பொருளாதாரம். இங்கே பயிற்சி முடிந்தபின் ஊதியம் ஏறத்தாழப் பாதியானது.

ஐம்பது ரூபாயும் இருநூற்றைம்பது சதவீதமும்

மென்பொருள் துறையில் பயிற்சி வெளியேற்றும் கருவியாகிறது என்றால், அதே நகரத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேறொரு காட்சி. அங்கே பயிற்சி உண்மையிலேயே நடந்தது, பயனும் தந்தது. அந்தப் பயன் யாருக்குப் போயிற்று என்பதற்கு அரிதான ஓர் அளவீடு இருக்கிறது.

அமெரிக்க ஆடை வணிக நிறுவனமான கேப், தனக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஆலைகளில் உள்ள பெண்களுக்காக 2007இல் இந்தியாவில் ‘பேஸ்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பேச்சுத் திறன், நேர மேலாண்மை, சிக்கலைத் தீர்த்தல், உடல்நலம், பணத்தைக் கையாளுதல் போன்ற ‘மென்திறன்கள்’ அதில் கற்பிக்கப்பட்டன. பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் இப்பயிற்சியின் விளைவை அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, ஆனந்த் நிஷாதம் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அளந்தனர். விண்ணப்பித்த பெண்களில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி தரப்பட்டது. மற்றவர்களோடு அவர்கள் ஒப்பிடப்பட்டனர். பயிற்சி வாரத்திற்கு இரண்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் ஆலையின் வேலை நேரத்திலிருந்து. இன்னொரு மணி நேரம் அந்தப் பெண்களின் சொந்த நேரத்திலிருந்து.

முடிவு என்ன? பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் பத்து சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. அவர்களின் கூலி உயர்ந்தது அரை சதவீதம். பயிற்சி முடிந்த எட்டே மாதங்களில் நிறுவனம் செலவிட்டதன் மேல் பெற்ற நிகர ஆதாயம் 250 சதவீதத்துக்கும் அதிகம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வாங்கும் ஒரு தையல் தொழிலாளிக்கு அரை சதவீதம் என்றால் ஐம்பது ரூபாய். பெங்களூருவில் அதற்கு இரண்டு வேளை சிற்றுண்டி கிடைக்கலாம். பயிற்சி கொடுத்தால் ஆட்கள் வேறு ஆலைக்கு ஓடிவிடுவார்கள் என்று முதலாளிகள் எப்போதும் சொல்லும் அச்சமும் பொய்த்தது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விட்டுச் செல்லவில்லை. செல்வதற்கு வேறு இடமும் இல்லை; அடுத்த ஆலையிலும் அதே குறைந்தபட்சக் கூலிதான்.

இந்த ஆய்வு வெளியானது இடதுசாரி ஏடு எதிலும் அல்ல. சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிடும் ‘ஜர்னல் ஆப் பொலிட்டிகல் எக்கானமி’யில், 2023இல் வெளியானது. சுதந்திரச் சந்தையின் கோட்டையே தன் கையெழுத்தோடு தந்த சாட்சியம் என்று இதைக் கொள்ளலாம். ஆய்வாளர்கள் இதற்குத் ‘தொழிலாளர் சந்தையின் உராய்வுகள்’ என்று பெயர் வைக்கிறார்கள். ஒரே கூலி நேரத்துக்குள் அதிக உற்பத்தியைப் பெற்று, அந்த வேறுபாட்டைத் தன் பையில் போட்டுக்கொள்வதற்கு மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் ஒப்பு உபரி மதிப்பு என்று பெயர் வைத்தார். எந்தப் பெயரால் அழைத்தாலும் ஐம்பது ரூபாய் ஐம்பது ரூபாய்தான்.

இப்பயிற்சியால் பெண்கள் எதுவும் பெறவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தயக்கமின்றிப் பேசவும் மேற்பார்வையாளரிடம் கேள்வி கேட்கவும் அவர்கள் கற்றார்கள் என்பதை ஆய்வும் காட்டுகிறது. வீட்டிலும் ஆலையிலும் தலை குனிந்தே பழக்கப்பட்ட பெண்களுக்கு அது சிறிய பேறன்று. ஆனால் அந்தப் பேச்சுத் திறன் கூலி கேட்கும் இடத்தில் பயன்பட வேண்டுமானால் சங்கம் வேண்டும். பாடத்திட்டத்தில் நேர மேலாண்மை இருக்கிறது. சம்பளச் சீட்டைப் படித்து மிகைநேரக் கூலியைச் சரிபார்ப்பது எப்படி என்ற பாடம் அப்படியொரு பாடத்திட்டத்தில் இடம்பெறுமா என்பது சந்தேகமே.

அதே ஆலைகளின் அண்மை வரலாறே இதற்கு விடை சொல்கிறது. 2020 ஏப்ரல் முதல் கர்நாடகத்தில் தர வேண்டியிருந்த அகவிலைப்படி உயர்வு மாதத்திற்கு 417 ரூபாய் 60 காசு. அதை நிறுத்தி வைத்த அரசாணையை உயர்நீதிமன்றம் ஏற்காமல், நிலுவையுடன் தரச் சொன்னது. அதன் பின்னும் பெரிய ஏற்றுமதி ஆலைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தன. நான்கு இலட்சம் தொழிலாளர்களின் அற்பமான உரிமைத் தொகை அது. சங்கங்களின் விடாப்பிடியான போராட்டமும், பன்னாட்டு அமைப்புகள் இதை வெளிநாட்டு வணிக நிறுவனங்களின் வாசலுக்குக் கொண்டு சென்றதும் சேர்ந்தே அதை வாங்கித் தந்தன. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுக்கத் தடை விதித்த ஒன்றிய அரசின் ஆணையை, ஓசூர் சாலையிலும் பீன்யாவிலும் இறங்கி இரண்டே நாட்களில் திரும்பப் பெறச் செய்தவர்களும் இதே பெண்கள்தாம். எந்த மென்திறன் வகுப்பும் அவர்களுக்கு அதைக் கற்றுத் தரவில்லை.

ஜாலஹள்ளியின் பட்டறைகள்

பணியிடக் கல்வி என்பது மென்பொருள் நிறுவனங்களோடு பெங்களூருவுக்கு வந்த புதுமையன்று. 1940இல் தொடங்கிய ஹெச்.ஏ.எல்., 1948இல் துரவாணிநகரில் தொடங்கிய ஐ.டி.ஐ., 1953இல் ஜாலஹள்ளியில் எழுந்த ஹெச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகள் ஆயிரக்கணக்கான கிராமத்து இளைஞர்களைக் கடைசல் எந்திரத்தின் முன்னும் நுண்ணளவிகளின் முன்னும் நிறுத்திப் பழக்கின. ஹெச்.எம்.டி. ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடும், பின்னர் கைக்கடிகாரத்துக்காக ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்தபோது தொழில்நுட்பத்தைக் கற்பதும் அந்த ஒப்பந்தங்களின் பகுதியாக இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சென்ற தமிழர் குடும்பங்கள் பல இந்த ஆலைகளின் வழியாகவே பெங்களூருவில் வேரூன்றின.

அந்த முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பயிற்சியின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மேலாண்மையின் அதிகாரப் போக்கும் குறையவில்லை. 1980-81இல் அதே ஆலைகளின் தொழிலாளர்கள், பி.ஹெச்.இ.எல். ஊழியர்களுக்கு இணையான ஊதியம் கேட்டு இரண்டு மாதங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் ஓர் அடிப்படை வேறுபாடு தெரியும். அங்கே கற்றுக்கொள்வது வேலையில் நிலைப்பதற்கான வழியாக இருந்தது. கற்ற திறன் ஊதியப் படிநிலையில் ஏறியது. அந்தப் படிநிலை சங்கத்தோடு பேசி எழுதப்பட்டது. வேலையை விட்டுச் சென்றவர்களும் திறனைக் கையோடு கொண்டு சென்றனர். பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் ஒரு பகுதி, பொதுத்துறை ஆலைகளில் தொழில் கற்றவர்களின் கைகளில் உருவானது. அதற்காக ஹெச்.எம்.டி. எவரிடமும் முக்கால் இலட்சம் கேட்கவில்லை.

ஹெச்.எம்.டி.யின் கைக்கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மோடி அரசின் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ‘திறன் இந்தியா’ இயக்கம் அறிவிக்கப்பட்டு ஆறு மாதங்கள் ஆகியிருந்தன.

கடனாளியாக்கப்படும் ஊழியர்

உழைப்புச் சக்தியை உருவாக்கும் செலவில் கல்வியும் பயிற்சியும் அடங்கும். அந்தச் செலவு கூலியின் வழியே தொழிலாளிக்கு வந்து சேர வேண்டும் என்பது பழைய அரசியல் பொருளாதாரத்துக்குக்கூடத் தெரிந்த செய்தி. இன்றைய பெங்களூருவில் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தொழிலாளியின் குடும்பம் முன்கூட்டியே செலுத்திவிடுகிறது. நகையை அடகு வைத்தும் வங்கியில் கல்விக் கடன் வாங்கியும் நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பை முடிக்க வைக்கிறது. இதற்குப் பின் புதியவர்களுக்குத் தரப்படும் தொடக்க ஊதியமோ ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் என்ற அளவிலேயே பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேங்கி நிற்கிறது. விலைவாசி அப்படித் தேங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிறுவனம் தரும் சில மாதப் பயிற்சியைத் தனிக் கடனாக எழுதி, இடையில் விலகினால் திருப்பிக் கட்டு என்று உறுதிப் பத்திரம் வாங்கும் வழக்கம் இந்தப் பின்னணியில்தான் பரவுகிறது. 2025 மே 14 அன்று உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இவ்வழக்கத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த விஜயா வங்கி, மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று நியமன நிபந்தனை விதித்திருந்தது. அதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. உச்சநீதிமன்றமோ செல்லும் என்றது. அந்த வழக்கில் பேசப்பட்டது பயிற்சிச் செலவு அன்று; பொதுத்துறை வங்கி ஆள் தேர்வுக்குச் செய்யும் செலவும் ஊழியர்கள் விலகுவதால் ஏற்படும் இழப்பும்தான். ஆயினும் தனியார் நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் அந்த நுணுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. விலகும் ஊழியர் இழப்பீடு தர வேண்டும் என்றால், இரண்டு ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு நான்கு மாதத்தில் வெளியே அனுப்பும் நிறுவனம் யாருக்கு என்ன தர வேண்டும்? எந்த ஒப்பந்தத்திலும் அதற்கு வரி இல்லை.

தொழிலுறவுகள் தொகுப்பு இதற்கு ஒரு மருந்து வைத்திருப்பதாக ஒன்றிய அரசு சொல்லும். ‘மறுதிறன் நிதி’ என்ற பெயரில், ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரது பதினைந்து நாள் ஊதியத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்று அதன் 83ஆவது பிரிவு கூறுகிறது. பதினைந்து நாள் ஊதியத்தில் எந்தத் திறனைக் கற்க முடியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது ஆட்குறைப்புக்கு மட்டுமே பொருந்தும். தேர்வில் தோற்றவர் என்று அனுப்பப்படுபவரும், ராஜினாமா செய்யும்படி மனிதவளப் பிரிவு அறையில் அமர்த்தப்படுபவரும் அதன் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் இரண்டு சதவீதத்தினரை, அதாவது 12,000 பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தபோது, செயற்கை நுண்ணறிவு காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி கூறினார். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவில் அடிப்படைப் பயிற்சி தந்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டதும் அதே நிறுவனம்தான். ஏறத்தாழ அனைவருக்கும் பயிற்சி தந்த பிறகும் திறன் பொருந்தவில்லை என்றால், பொருந்தாதது திறனா, சம்பளமா? வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். பல ஆண்டு அனுபவத்தால் ஊதியம் உயர்ந்தவர்கள்.

படிப்பதற்கு நேரம் எங்கே

பயிற்சி என்றாலே இன்று பெரும்பாலான அலுவலகங்களில் அது இணையவழிப் பாடம். வேலை முடிந்தபின், வார இறுதியில், இரவில் ஊழியர் தாமே பார்த்து முடிக்க வேண்டும். முடித்த மணி நேரம் ஆண்டு மதிப்பீட்டில் எண்ணப்படும். வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023இல் உபதேசித்தார். 90 மணி நேரம் என்று எல் அண்டு டி தலைவர் 2025 தொடக்கத்தில் ஏலத்தை உயர்த்தினார். வெளிவட்டச் சாலையின் நெரிசலில் போகவர மூன்று மணி நேரம் கழிப்பவர் எந்த மணி நேரத்தில் புதியதைக் கற்பார்? பெண் ஊழியர்களுக்கு வீட்டு வேலையும் குழந்தைப் பராமரிப்பும் இதற்கு மேல். ‘கற்பதில் ஆர்வமில்லாதவர்’ என்ற முத்திரை அவர்கள்மீதே முதலில் விழுகிறது.

2024 ஜூலையில் ஐ.டி. துறையில் வேலை நாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் திருத்தத்தைக் கர்நாடகக் காங்கிரஸ் அரசு பரிசீலித்தபோது, கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. வளாகங்களின் வாசல்களில் பிரச்சாரம் செய்து எதிர்த்தது, அரசு பின்வாங்கியது. 2025 மார்ச்சில் சுதந்திரப் பூங்காவில் வேலை-வாழ்க்கைச் சமநிலைக்காக ஐ.டி. ஊழியர்கள் திரண்டனர். சங்கமே சாத்தியமில்லை என்று சொல்லப்பட்ட துறையில் இவை குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள். வேலை நேரத்துக்கான இந்தப் போராட்டத்தோடு கற்கும் நேரத்துக்கான கோரிக்கையும் இணைய வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னுதாரணம் உண்டு. 1973இல் இத்தாலியின் உலோகத் தொழிலாளர்கள் தங்கள் தேசிய ஒப்பந்தத்தில் ‘150 மணி நேரம்’ என்ற உரிமையை வென்றனர். மூன்று ஆண்டுகளில் 150 மணி நேரம் ஊதியத்தோடு கல்விக்காக எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளி அதே அளவு தன் சொந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும். பாதிக்குப் பாதி என்ற விகிதம் பெங்களூரு ஆடை ஆலைகளின் பயிற்சியில் இருந்த அதே விகிதம்தான் என்பது கவனிக்கத்தக்கது. வேறுபாடு பாடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதில் இருந்தது. இத்தாலியத் தொழிலாளர்கள் அந்த நேரத்தில் முதலில் செய்தது, பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடித்ததுதான். பிறகு பல்கலைக்கழகங்களுக்குள் சென்று தொழிலிட உடல்நலம், பொருளாதாரம், வரலாறு என்று தங்களுக்குத் தேவையானதைப் படித்தனர். அடுத்த ஆண்டு, 1974இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றிய 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிற்பயிற்சி மட்டுமின்றிப் பொதுக் கல்வி, சமூகக் கல்வி, தொழிற்சங்கக் கல்வி ஆகியவையும் அதில் அடங்கும். இந்தியா அதை இன்று வரை ஏற்று உறுதி செய்யவில்லை. காங்கிரஸ் ஆட்சிகளும் செய்யவில்லை, பா.ஜ.க. ஆட்சியும் செய்யவில்லை.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு வாதம் எழும். தேறாதவரையும் வைத்துக்கொண்டால் தரம் என்னாவது என்பார்கள். பயிற்சிக் காலத்தில் மதிப்பீடே கூடாது என்று எந்தச் சங்கமும் கேட்கவில்லை. வினாத்தாளையும் விடைத்தாளையும் தொழிலாளி பார்க்க முடிய வேண்டும். மதிப்பெண் எல்லையை இடையில் மாற்றக்கூடாது. ஒரு பிரிவில் தேறாதவருக்கு ஊதியம் குறையாமல் வேறு பிரிவில் வேலை தரப்பட வேண்டும். இவற்றைக் கண்காணிக்கும் குழுவில் ஊழியர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றே கேட்கப்படுகிறது. கற்ற திறனுக்கு வேறு நிறுவனத்திலும் செல்லுபடியாகும் சான்றிதழ் தருவதும், பயிற்சியால் உற்பத்தி உயர்ந்தால் அதில் ஒரு பங்கை அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் வைப்பதும் இதன் தொடர்ச்சியே. ஆடை ஆலைகளில் அந்தப் பங்கைக் கேட்பதற்குச் சங்கங்களின் கையில் இப்போது சிகாகோவில் அச்சான கணக்கே இருக்கிறது.

மென்பொருள் துறையில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் ஊழியர்களை நிரந்தரமானவர், தகுதிகாண் நிலையில் உள்ளவர், தொழிற்பழகுநர் என்று வகைப்படுத்தும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அதன்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளில் தகுதிகாண் காலம் மூன்று மாதம்தான். கர்நாடக அரசு 2014இல் ஐ.டி. துறைக்கு இச்சட்டத்திலிருந்து ஐந்தாண்டு விலக்கு அளித்தது, 2019இல் நீட்டித்தது, 2024 ஜூனில் மீண்டும் நீட்டித்தது. குறைதீர் குழு அமைக்க வேண்டும், பணிநீக்கங்களைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் விலக்கோடு சேர்த்தே விதிக்கப்பட்டவை. அவற்றை நிறைவேற்றாத நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கக் கோரி கே.ஐ.டி.யு. திரும்பத் திரும்ப முறையிட்டு வருகிறது. இப்போது அந்தச் சட்டமே தொழிலுறவுகள் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டாலும், அதன் 39ஆவது பிரிவு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் அப்படியே விட்டு வைத்திருக்கிறது. கர்நாடக அரசு, அதே தொகுப்பு தரும் விலக்கு அதிகாரத்தை ஐ.டி. முதலாளிகளுக்காகப் பயன்படுத்துமா என்ற கேள்வியை இப்போதே எழுப்ப வேண்டும். விலக்குக்கு எதிரான இயக்கத்தின் கோரிக்கைப் பட்டியலில், ‘பயிற்சியாளர்’ என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான வரையறையும் கால எல்லையும் இடம்பெற வேண்டும்.